சூறாவளியின் வலது கால்

சூறாவளி என்றால் யார் என்று கேட்க ஊரில் ஆள் கிடையாது. முப்பது வருடமாகச் சுவரொட்டிகளில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நிற்கிறவர். ஒரு உதை விட்டால் எட்டுப் பேர் எட்டுத் திசையில் போய் விழுவார்கள். அந்த உதை ஒருவர்மேலும் பட்டதே இல்லை என்பது தொழிலுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதி. பட்டது என்று ஊரையே நம்பவைத்ததில் பாதிப் பெருமை காலடி அக்காவுக்குச் சேர வேண்டும். சேரவில்லை. அதற்காக அவள் ஒரு நாளும் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்ததும் இல்லை.

அவள் வேலை என்ன என்று கேட்டால், "நடக்கிற வேலை" என்பாள். படப்பிடிப்பில் பதிவாகிற சத்தம் பாதிக்கு மேல் உதவாது. ஜெனரேட்டர் உறுமும், யாராவது இருமுவார்கள், காற்று மைக்கில் புகுந்து அடிக்கும். அதனால் படம் எடுத்து முடித்த பிறகு, ஒரு மூடிய அறையில் திரையைப் பார்த்துக்கொண்டே எல்லாச் சத்தத்தையும் திரும்ப உண்டாக்க வேண்டும். திரையில் கதாநாயகி ஓடினால் அக்கா ஓடுவாள். கிழவர் தள்ளாடினால் அக்கா தள்ளாடுவாள். எலும்பு முறிய வேண்டுமென்றால் மைக்குக்கு முன்னால் ஒரு கேரட்டை ஒடிப்பாள். ஈரத்துணியைத் தோல்பையில் ஓங்கி அறைந்தால் சூறாவளியின் குத்து. ஐம்பது வயதில், சின்ன உடம்பை வைத்துக்கொண்டு, ஒரு கூட்டத்தையே ஒற்றை ஆளாக நடந்து காட்டுவாள்.

அந்த அறை ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. முன்பு மெத்தைக் கடையின் கிடங்கு. தரையில் இங்கே ஒரு கல் பாளம், அங்கே மரப்பலகை, பக்கத்தில் இரும்புத் தகடு, ஒரு தட்டில் மணல், இன்னொன்றில் சரளை. சுவரோரம் அலமாரி நிறையச் செருப்பும் ஷூவும், நூற்று நாற்பது ஜோடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு மேசையில் அவளுடைய கூடப் பிறந்த தம்பி உட்கார்ந்திருப்பான். பாராட்டுகிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. "ம், போகலாம்" என்றால் பிரமாதம் என்று அர்த்தம். "இன்னொரு தடவை" என்றால் அன்றைக்கு அவன் வீட்டில் சண்டை என்று அக்கா எடுத்துக்கொள்வாள்.

சூறாவளி விஷயத்தில் அவர்கள் இருவருக்கும் ஒரு கட்டளை இருந்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் ஒரு மாடியிலிருந்து குதித்தார். டூப் வேண்டாம், நானே குதிக்கிறேன் என்று வீம்பு பிடித்துக் குதித்ததில் வலது மூட்டு போய்விட்டது. அறுவை சிகிச்சை ஆயிற்று, ஆள் எழுந்துவிட்டார். ஆனால் அன்றிலிருந்து, களைப்பான நாட்களில், வலது கால் அரை நொடி தாமதித்துத்தான் தரையில் இறங்கும். பார்ப்பவர்கள் கண்டுபிடிக்க மாட்டார்கள்; கேட்பவர்கள் கண்டுபிடிப்பார்கள். படக்கம்பெனி ஆள் நேரில் வந்து, சூறாவளியின் காலில் நொண்டல் கேட்கவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து பதினேழு படம். அவர் கால் எப்படி விழுந்தாலும் அக்கா அதைச் சமமாக, கனமாக, ராஜநடையாக விழவைத்தாள். பூசி மெழுகுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அவரை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. அவர் கால்களை மட்டும் தன் கால்களைவிட நன்றாகத் தெரியும்.

இப்படிப்பட்டவர் திடீரென்று ஒரு ஜெயில் படத்தில் நடிக்கிறார் என்று செய்தி வந்தபோது ஊரே சிரித்தது. சண்டை இல்லை, பாட்டு இல்லை. பதினான்கு வருடம் தனிக்கொட்டடியில் கிடந்த ஒரு கைதி, அவ்வளவுதான் கதை. இயக்குவது ஒரு பெண், அதற்கு முன்னால் செய்திப்படம் எடுத்துக்கொண்டிருந்தவர். அக்காவின் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், சூறாவளியின் படம் எதையும் முதல் காட்சி தவறவிடாதவர். அவருக்கு இது சொந்த வீட்டுத் துக்கம் மாதிரி ஆகிவிட்டது.

"ஜெயிலுக்குள்ள போறாருன்னா சுவரை உடைச்சிட்டு வெளிய வரணும்ல? வரமாட்டாராமே! அப்புறம் எதுக்கு அவரு?"

"நடிக்கத்தான்" என்றாள் அக்கா.

"நடிப்பா? அவருக்கு எதுக்கு அதெல்லாம்?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை, உண்மையான அக்கறையில்தான் சொன்னார். ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். உண்மையைச் சொன்னால், அக்காவும் அப்படித்தான் நினைத்தாள்.

படத்தின் ஐந்தாவது ரீல்தான் முதலில் வந்தது. விநியோகஸ்தர்களுக்குப் போட்டுக்காட்ட அதை மட்டும் முன்னால் முடிக்கச் சொன்னார்கள். அதில் ஒரு நடை இருந்தது. பதினான்கு வருடத்துக்குப் பிறகு கைதியைப் பார்க்க அவன் மகள் வந்திருக்கிறாள். கைக்குழந்தையாக விட்டுவிட்டு வந்த பெண். வார்டர் ஒருவர் அவனைக் கொட்டடியிலிருந்து வெளியே எடுத்து, நீளமான நடைபாதை வழியாகப் பார்வையாளர் அறைக்குக் கூட்டிப்போகிறார். ஒன்றரை நிமிடம், ஒரே ஷாட், வசனம் கிடையாது. நிஜமான பழைய சிறை ஒன்றில் எடுத்ததால் அங்கே பதிவான சத்தம் முழுக்கக் காற்றின் இரைச்சல். ஆக, பார்ப்பவர்கள் காதில் அந்த ஒன்றரை நிமிடமும் விழப்போவது அக்காவின் கால்தான்.

அலமாரியில் தேய்ந்துபோன ரப்பர் செருப்பு ஒன்றைத் தேடி எடுத்து, கல் பாளத்தின்மேல் நின்றுகொண்டாள். படம் ஓடியது. கைதி மெதுவாக நடந்தான். வலது கால் அங்கங்கே தயங்கியது. 'பாவம், மூட்டு. அந்த ஜெயில் குளிருக்குப் பிடிச்சிருக்கும்' என்று நினைத்துக்கொண்டாள். தயங்கிய இடங்களையெல்லாம் வழக்கம்போல நிரவி, ஒரே சீராக நடந்து முடித்தாள். ஒரே டேக். தம்பி "ம், போகலாம்" என்றான். பூட்ஸை மாட்டிக்கொண்டு வார்டருக்கும் நடந்துவிட்டு, இருவரும் டீ குடிக்கப் போனார்கள்.

காலடி சீராக வந்துவிட்டதால் படத்தில் கால் தயங்குகிற இடங்கள் துருத்திக்கொண்டு நின்றன. எடிட்டர் பார்த்தார். அந்த இடங்களில் வார்டரின் முகம், சாவிக்கொத்து, ஜன்னல் கம்பி என்று வெட்டி வெட்டிச் சேர்த்துச் சரிக்கட்டிவிட்டார். ஒரே ஷாட் ஆறு துண்டாயிற்று. யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது. எல்லோரும் சூறாவளியைக் காப்பாற்றினார்கள். அது அவர்களுக்குப் பழகிப்போன வேலை.

அந்த ரீலைப் போட்டுக்காட்டிய அன்று சூறாவளியும் வந்திருந்தாராம். கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தாராம். முடிந்ததும் "நல்லா இருக்கு" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாராம். மறுவாரம் மூன்றாவது ரீலைக் கொண்டுவந்து கொடுத்தபோது டைரக்டரம்மா இதையெல்லாம் அக்காவிடம் சொன்னார். முப்பத்தைந்து வயதிருக்கும், தூக்கமில்லாத கண்கள்.

"அப்புறம் போன்ல கூப்பிட்டாருக்கா. 'அம்மா, ஆசைப்பட்டுப் பண்ணிப் பார்த்தேன். நமக்கு இது வராதுன்னு தெரிஞ்சு போச்சு. நான் என் பழைய வேலைக்கே போறேன்'னாரு. அடுத்த படத்துக்குக் கையெழுத்தும் போட்டுட்டாரு. ஹெலிகாப்டர்ல தொங்குறாராம்."

"ஏன், நல்லாத்தானே பண்ணியிருக்காரு?"

"பண்ணியிருக்காரு. ஆனா அந்த நடைல ஏதோ ஒண்ணு எதிர்பார்த்தாரு போல. கேட்டா சொல்ல மாட்டேங்குறாரு. விடுங்கக்கா. வெள்ளிக்கிழமை படத்தைச் சென்சாருக்கு அனுப்பணும், இந்த ரீலை முடிச்சுக் குடுத்துடுங்க."

அன்று செவ்வாய்க்கிழமை.

மூன்றாவது ரீல் முழுக்கக் கொட்டடி. அதில் கைதி நடக்கிறான், வேறு ஒன்றும் செய்வதில்லை. பின்சுவரிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து பின்சுவருக்கு. வெறுங்கால், சிமெண்டுத் தரை. இடது காலில் தொடங்குவான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. ஆறாவது அடி வலது கால். அதோடு கொட்டடி முடிந்தது. இடது தோள் திரும்பும், உடம்பு திரும்பும், மறுபடி இடது காலில் ஒன்று. முதல் வருடம் வேகமாக நடக்கிறான், கோபமாக. ஐந்தாவது வருடம் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறான். பத்தாவது வருடம் கண்ணை மூடிக்கொண்டே நடக்கிறான், சுவர் எங்கே என்று காலுக்குத் தெரிகிறது. அக்கா காலையிலிருந்து சாயங்காலம்வரை அவனோடு நடந்தாள். ஆறு அடி, திரும்பு. ஆறு அடி, திரும்பு. நடுவில் ஒரு தடவை தம்பி, "அக்கா, இந்த ஆளு நெஜமாவே உள்ள இருந்திருக்காருன்னு சொன்னாக்கூட நான் நம்புவேன்" என்றான். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததற்கே அவள் வேலையை நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தாள்.

அவளுக்கும் அன்றைக்குத்தான் உறைத்தது. இந்த மனிதர் இத்தனை வருடம் உதைத்துக்கொண்டே இருந்ததில் இதை எங்கே ஒளித்துவைத்திருந்தார்? முகத்தில் ஒன்றும் செய்யவில்லை. அழவில்லை, கத்தவில்லை. ஒரு மனிதன் கொஞ்சம் கொஞ்சமாக ஓர் அறையின் அளவுக்குச் சுருங்கிப்போவதை, நடந்தே காட்டினார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனாள். அவர்கள் வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம். கடைசியில் சமையலறை, முன்னால் வாசல் கதவு, நடுவில் ஒரு நெடிய வழி. வீட்டுக்காரர் முன்னறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அக்கா ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு சமையலறையிலிருந்து அவரிடம் வந்தாள்.

அவர் செய்தித்தாளை இறக்கினார்.

"என்ன, நொண்டுற?"

"நானா? நொண்டலையே."

"நொண்டுற. நான் பார்த்துக்கிட்டேதானே இருக்கேன். வலது காலு நின்னு நின்னு வருது. நாள் முழுக்க நடந்தா இப்படித்தான். மூட்டு வலியா?"

"எனக்கு ஏது மூட்டு வ—"

சொம்பு கையிலேயே இருந்தது. திரும்பிச் சமையலறைவரை போனாள். அங்கிருந்து மறுபடி நடந்து வந்தாள், இந்தத் தடவை எண்ணிக்கொண்டு. ஐந்து. ஆறு. வலது கால் தரைக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. இடது தோள் திரும்பப் பார்த்தது. முன்னால் சுவர் இல்லை, வழி நீளமாகக் கிடந்தது, ஆனாலும் கால் நின்றது. ஒரே நாள் நடந்ததற்கே இந்தக் கதி.

"ஐயோ, அது மூட்டு இல்ல" என்றாள்.

"அதான் நீ சொல்லிட்டியே" என்றார் வீட்டுக்காரர்.

மறுநாள் காலை தம்பி வருவதற்கு முன்பே அவள் அறைக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். எடிட்டர் வெட்டுவதற்கு முன்னால் இருந்த முழு ஷாட்டைப் போடச் சொன்னாள். சத்தமில்லாமல் ஓடியது. கொட்டடிக் கதவு திறக்கிறது, இடது கால் வெளியே வருகிறது. இருவரும் எண்ணினார்கள். இரண்டாவது அடி வலது கால், சுத்தமாக விழுந்தது. நான்காவதும் வலது கால், சுத்தம். ஆறாவது நின்றது. மூட்டு வலி என்றால் வலது கால் ஒவ்வொரு தடவையுமல்லவா தயங்கியிருக்க வேண்டும்? ஆறு இரட்டைப்படை, அதனால்தான் அது எப்போதும் வலது காலில் போய் விழுந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் மூட்டு என்று முடிவுகட்டிவிட்டார்கள். பதினான்கு வருடம் ஆறு அடியில் திரும்பிப் பழகிய மனிதன், நடைபாதை எவ்வளவு நீளம் இருந்தாலும், ஆறாவது அடியில் சுவரை எதிர்பார்க்கிறான். சுவர் இல்லை என்று தெரிந்து, நம்பாமல், ஒவ்வொரு தடவையும் பயந்து பயந்து அடுத்த அடியை வைக்கிறான்.

"யாருக்கும் சொல்லாம பண்ணியிருக்காரு" என்றாள் அக்கா. "வாழ்க்கைல முதல் தடவையா ஒரு மனுஷன் நடிச்சிருக்காரு, நான் அதை வழிச்சுத் தொடைச்சுட்டேன்டா."

தம்பி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். "சரிக்கா. இப்ப என்ன பண்ணலாங்கிற? ரீலு முடிஞ்சு போச்சு. அவங்களே ஒத்துக்கிட்டாங்க. இப்பப் போய், 'நான் தப்பாப் பார்த்துட்டேன்'னு சொன்னா மானம் கப்பலேறிடும். காலடி அக்காவுக்குக் கண்ணு போச்சுன்னு நாளைக்கே பேசுவானுங்க."

"பேசட்டும்."

"இருபத்திரண்டு வருஷப் பேருக்கா."

"அந்தப் பேரு அவரு காலுல வாங்கினதுதானே?" என்று கேட்டுவிட்டு, அவள் போனை எடுத்தாள்.

டைரக்டரம்மா முதலில் நம்பவில்லை. ஷூட்டிங்கிலேயே அது மூட்டு என்றுதான் தானும் நினைத்ததாகவும், சங்கடப்படுவாரே என்று கேட்காமல் விட்டுவிட்டதாகவும் சொன்னார். வெள்ளிக்கிழமை பக்கத்தில் வந்துவிட்டது, இனிமேல் கைவைத்தால் எடிட்டரும் மிக்ஸிங்காரரும் தன்னைத் தின்றுவிடுவார்கள் என்றார். "ஒண்ணரை நிமிஷம் வந்து பார்த்துட்டுப் போங்க. அப்புறம் என்னைத் திட்டுங்க" என்றாள் அக்கா. அவர் மதியம் வந்தார். நின்றுகொண்டே பார்த்தார், விரல்விட்டு, வாய்விட்டு எண்ணினார். முதல் ஆறில் புருவம் உயர்ந்தது. இரண்டாவது ஆறில் குரல் தணிந்தது. மூன்றாவது ஆறில் எண்ணுவதை நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் டைரக்டர்க்கா" என்றார். "ஐம்பது நாள் அவரு எதிர்ல நின்னேன். எனக்குத் தெரியலையே."

"எனக்கு மட்டும் தெரிஞ்சுதா? என் வீட்டுக்காரருக்கு நன்றி சொல்லுங்க."

டைரக்டரம்மா அங்கிருந்தே எடிட்டருக்குப் போன் போட்டு, முழு ஷாட்டை அப்படியே திரும்ப வைக்கச் சொன்னார். எதிர்முனையில் எடிட்டர் கத்தியது எல்லோருக்கும் கேட்டது. கத்தி முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, "வைங்க" என்றார். அடுத்தபடியாகச் சூறாவளிக்குப் போன் போட்டார். எதற்கென்று சொல்லாமல், மறுநாள் காலை ஒரு மணி நேரம் வர முடியுமா என்று மட்டும் கேட்டார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அவர் வந்தார். கூட்டம் இல்லை, கறுப்புக் கண்ணாடி இல்லை. அந்த அடித்தளப் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலது காலைப் பார்த்துப் பார்த்து இறங்கினார். சுவரொட்டியில் இருப்பதைவிடச் சின்ன ஆள். காதோரம் நரை. தம்பி எழுந்து நின்றவன் உட்கார மறந்துபோனான். அக்காவுக்கும் படபடப்புத்தான். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள்.

"சார், நான்தான் உங்களுக்குக் காலடி போடுறவ. ஒரு தப்புப் பண்ணிட்டேன். அந்த நடைல ஆறு அடிக்கு ஒரு தடவை நிக்குதே, அது மூட்டு இல்லைதானே?"

அவர் அவளையே பார்த்தார். திரையில் ஆயிரம் பேரை முறைத்த கண்கள், முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளையின் கண்கள் மாதிரி இருந்தன.

"தெரிஞ்சுதா?" என்றார்.

"தெரிஞ்சுது சார். நேத்துத்தான் தெரிஞ்சுது. முன்னாடி தெரிஞ்சிருந்தா அப்படிப் போட்டிருக்க மாட்டேன்."

அவர் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அந்தக் கொட்டடி ஆறு அடிம்மா" என்றார். "ஷூட்டிங் இல்லாதப்பவும் உள்ள நடந்துக்கிட்டே இருப்பேன். இவங்க சாப்பிடப் போவாங்க, நான் நடப்பேன். அந்த நடைபாதைல இதைப் பண்ணணும்னு தோணுச்சு. சொல்லிட்டுப் பண்ணக்கூடாதுன்னும் தோணுச்சு. சரியா வந்திருந்தா யாராவது பார்த்துச் சொல்லுவாங்க, சொல்லலைன்னா வரலைன்னு அர்த்தம். அன்னிக்கு ரீலைப் பார்த்தேன். எல்லாம் வழவழன்னு இருந்துச்சு. வரலைன்னு முடிவு பண்ணிட்டேன்."

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்?" டைரக்டரம்மாவின் குரல் உடைந்திருந்தது.

"என்னன்னு கேட்கிறது? முப்பது வருஷமா ஆளாளுக்கு என்னைத் தூக்கிப் பிடிச்சிருக்கீங்க. நான் குதிக்கலைன்னாலும் குதிச்ச மாதிரி காட்டினீங்க. இப்ப மட்டும் தூக்காதீங்க, விட்டுருங்கன்னு எப்படிம்மா கேட்கிறது?"

அக்கா ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு அப்பால் தன் அறைக்குள் போய்க் கல் பாளத்தின்மேல் நின்றாள். அறை இருண்டது. கொட்டடிக் கதவு திறந்தது.

இடது கால். ஒன்று. அவள் திரையில் அவர் கால்களைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தாள். ஐந்து. ஆறு. கால் நின்றது, செருப்பின் நுனி மட்டும் கல்லில் லேசாக உரசியது. பிறகு மெல்ல, அடியில் தரை இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி இறங்கியது. அடுத்த ஆறு. அடுத்த ஆறு. நான்கைந்து தடவை அப்படி நின்று வந்தாயிற்று. நடைபாதையின் கோடி தெரிந்தது, பார்வையாளர் அறையின் கம்பிக் கதவு. நான்கு, ஐந்து, ஆறு. அக்கா நின்றாள்.

திரையில் அவர் நிற்கவில்லை.

"நிறுத்து, நிறுத்து!" என்று கத்தினாள். "தப்பு. என் தப்பு. எண்ணிக்கையை நம்பி மறுபடியும் கண்ணை விட்டுட்டேன். கடைசியைத் திரும்பப் போடு."

தம்பி திரும்ப ஓட்டினான். கம்பிக்குப் பின்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் பாதி எழுந்து நிற்கிறாள். கைதி ஆறாவது அடியை வைக்கிறான். தோள் திரும்பவில்லை. ஏழாவது அடி போகிறது, எட்டாவது போகிறது. நேற்று மூன்று பேர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்ததில் ஒருவரும் இதைக் கவனிக்கவில்லை. ஆறைக் கண்டுபிடித்த பெருமையில் மிதந்துகொண்டிருந்தார்கள்.

அக்கா மைக்குக்குப் பக்கத்தில் வந்தாள். "சார், இந்த ஏழாவது அடி... இதையும் யோசிச்சு வச்சிருந்தீங்களா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி ஒரு பொத்தானைக் காட்ட, அதை அழுத்திப் பேசினார்.

"இல்லம்மா. அங்கயும் நிக்கணும்னுதான் இருந்தேன். அந்தப் பொண்ணு எழுந்திருச்சா. எண்ணினது மறந்து போச்சு."

"எத்தனை டேக் சார்?"

"ஒண்ணுதான். இது இருக்குன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது."

அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருடத்தில் திரையைப் பார்த்து அவள் அழுததில்லை. அழுதால் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் பதிவாகிவிடும். "முதல்லேருந்து போடுடா" என்றாள்.

இந்தத் தடவை எண்ணுவதை விட்டுவிட்டாள். கொட்டடிக் கதவு திறந்ததும் அவன் நடந்தான், அவளும் நடந்தாள். அவன் நின்ற இடத்தில் தன்னால் நின்றாள். முன்னால் சுவர் இருக்குமோ என்று அவளுக்கும் பயமாக இருந்தது. அந்தப் பெண் எழுந்தாள். கால் நிற்கவில்லை. ஏழாவது அடி கல்லில் விழுந்தது. கனமும் இல்லை, தயக்கமும் இல்லை. வேலை முடிந்து வீடு திரும்புகிற எந்த மனிதனின் அடியும் அப்படித்தான் விழும். எட்டாவதும் அப்படியே.

தம்பி பதிவை நிறுத்தினான். "ம், போகலாம்" என்று சொல்லப்போய், குரல் வராமல் தலையை மட்டும் ஆட்டினான்.

போட்டுக் கேட்டார்கள். சூறாவளி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் டைரக்டரம்மா பக்கம் திரும்பி, "ஹெலிகாப்டர்காரனுக்கு வாக்குக் குடுத்துட்டேன், அதுல தொங்கிட்டு வந்துடுறேன். அதுக்குள்ள வேற ஒரு கதை எழுதி வைங்க" என்றார். டைரக்டரம்மா சிரிப்பும் அழுகையுமாகத் தலையசைத்தார்.

பிறகு அவர் அந்தப் பொத்தானைத் தானே தேடி அழுத்தினார். அக்காவின் அறை ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது.

"அம்மா, இத்தனை வருஷம் என் காலை நீங்க நல்லாப் பார்த்துக்கிட்டீங்க. இனிமே அது நொண்டினா, நொண்டட்டும்."

"சரி சார்" என்றாள் அக்கா. செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்தக் கல்லின்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.